தரகர் யாருக்காகப் பேசுகிறார்?

தில்லியில் வீடு தேடும் தமிழர் என்றேனும் ஒரு நாள் புசா ரோட்டில் நடக்காமல் இருப்பது அரிது. கரோல் பாகிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் நோக்கி, மெட்ரோ இரயில் ஓடும் மேம்பாலத்தின் நிழலில் நீண்டு செல்லும் சாலை அது. பீகாரில் புசா என்னும் ஊரில் இருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936இல் அது தில்லிக்கு இடம்பெயர்ந்தபோது ஊரின் பெயரும் உடன் வந்து இச்சாலைக்கு அமைந்தது. நடுவண் அரசுப் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கரோல் பாகிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்துள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இச்சாலையிலேயே இயங்குகிறது. சாலையின் மறுபுறத்தில் உள்ள பழைய ராஜேந்திர நகருக்கு, குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பதற்காக ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள்.

அரசு ஊழியராயினும், ஓய்வு பெற்றவராயினும், தேர்வெழுத வந்த மாணவராயினும் இங்கே வீடு அல்லது அறை வேண்டுமென்றால் முதலில் சந்திக்க வேண்டியவர் ஒருவரே. கடைப்பலகையில் அவர் பெயர் 'பிராப்பர்ட்டி டீலர்'. நம் வழக்கில் அவர் தரகர், புரோக்கர். அவரைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "நம்பகமானவரா?" என்பது. அது தவறான கேள்வி அன்று. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வீட்டைப் பொறுத்தவரையில் அவர் யாருக்காகப் பேசுகிறார்? நேர்மையான தரகரே ஆயினும் அவர் எதிர்த்தரப்பின் முகவராக இருந்தால், அவருடைய நேர்மை எதிர்த்தரப்புக்கே உரியது. இதை உணராமல் அவரை நம் ஆலோசகராகக் கருதுவதால்தான் வாடிக்கையாளர் பலர் பணத்தையும் அமைதியையும் இழக்கிறார்கள் என்பது நம் கருத்து.

ஒரே பெயர், ஐந்து பணிகள்

'தரகர்' என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வேறு வேறு பணிகள் அடங்கியுள்ளன.

முதலாமவர் உரிமையாளரின் முகவர். வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ உரிமையாளர் அவரை அமர்த்தியிருக்கிறார். கூடிய விலையைப் பெற்றுத் தருவது அவர் கடமை. வாங்க வருபவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது உண்மை. ஆனால் வாங்குபவரின் நலனைக் காப்பது அவர் வேலையன்று.

இரண்டாமவர் வாங்குபவரின் அல்லது குடிவருபவரின் முகவர். இவரை அமர்த்துபவர் வீடு தேடுகிறவர். குறைந்த விலை, தெளிவான உரிமை, குறைகளைத் தேடிக் கண்டறிதல் ஆகியவை இவர் பொறுப்பு. நம் நாட்டில் இத்தகையோர் அரியர். பெரும்பாலான நேரங்களில், நமக்காக அலைபவர்போல் தோன்றுபவர் உண்மையில் மூன்றாம் வகையைச் சேர்ந்தவர்.

அந்த மூன்றாமவர் இருபுறமும் இணைப்பவர். இரு தரப்பையும் சந்திக்க வைத்து, பேச்சு முடிந்ததும் இரு தரப்பிடமும் தரகு பெறுகிறார். புசா ரோட்டிலும் பிற பல ஊர்களிலும் பெருவழக்காக இருப்பது இதுவே. வீட்டு விற்பனையில் விலையின் 1 விழுக்காடு இருபுறமும், வாடகையில் பதினைந்து நாள் முதல் ஒரு மாத வாடகை வரை என்பது பரவலான வழக்கம். இது சட்டம் வகுத்த அளவன்று. பேசி முடிவு செய்யக் கூடியது.

நான்காமவர் கட்டுமான நிறுவனத்தின் விற்பனையாளர். 'சேனல் பார்ட்னர்' என்று தம்மை அறிமுகம் செய்துகொள்வார். துவாரகையிலோ, குருகிராமிலோ, நொய்டாவிலோ எழும் அடுக்ககத்தைக் காட்ட நம்மை வண்டியில் அழைத்துச் செல்வார். நம்மிடம் ஒரு ரூபாயும் வாங்க மாட்டார். "உங்களுக்குத் தரகு இல்லை" என்பதை அவர் சலுகைபோல் கூறுவார். அவருடைய ஊதியம் நாம் செலுத்தும் விலைக்குள்ளேயே இருக்கிறது; அதைத் தருபவர் கட்டுநர். நாம் நாடிச் சென்ற பத்துத் திட்டங்களுள் அவர் மூன்றை மட்டும் புகழ்ந்து பேசினால், அம்மூன்றும் அவருக்குத் தரகு தரும் திட்டங்களா என்று கேட்பது முறையே.

ஐந்தாமவர் தாமே வாங்கி விற்பவர். 'பயானா' என்று தில்லியில் வழங்கும் அச்சாரத்தை உரிமையாளரிடம் கொடுத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வார். பத்திரப் பதிவுக்குக் குறித்த நாள் வருமுன் கூடுதல் விலைக்கு வேறொருவரைப் பிடித்து, அவர் பெயருக்கே பதிவு செய்ய வைப்பார். இடைப்பட்ட விலை வேறுபாடு அவருடையது. இது வணிகம்தான். ஆனால் தரகர் என்ற பெயரில் உரிமையாளரின் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு, வாங்குபவர் தாமே என்பதை மறைத்தால் அது வேறு செயல்.

இந்த ஐந்து பணிகளையும் ஒரே மனிதர், ஒரே வாரத்தில், ஒரே மேசையில் அமர்ந்து செய்யக்கூடும். காலையில் கரோல் பாக் வீடொன்றுக்கு உரிமையாளரின் முகவராக இருப்பவர், மாலையில் மற்றொரு வீட்டுக்கு இருபுறத் தரகராக இருக்கிறார். அதனால்தான் "அவர் எப்படிப்பட்டவர்?" என்பதைவிட "இந்தப் பேச்சில் அவர் யார்?" என்ற கேள்வி பயனுடையதாகிறது.

கணக்கு காட்டும் உண்மை

இருபுறமும் தரகு பெறுபவர் நடுநிலையானவர் என்று நாம் எண்ணுவதுண்டு. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாய் கேட்கப்படும் வீட்டில் இருபுறமும் 1 விழுக்காடு தரகு என்றால், தரகருக்குக் கிடைப்பது 2 இலட்சம். அவர் நமக்காக வாதாடி விலையை 95 இலட்சமாகக் குறைத்தால் நமக்கு மிச்சம் 5 இலட்சம். தரகரின் வருவாயோ 1,90,000 ஆகிறது. அவர் இழப்பது 10,000 மட்டுமே. உரிமையாளருக்காக வாதாடி விலையை உயர்த்தினாலும் அவருக்குப் பெரிய ஆதாயம் இல்லை. விலை எதுவாயினும் பேச்சு முடிவதே அவருக்கு முதன்மை. முடியாவிட்டால் அவருக்கு எதுவும் இல்லை.

ஆகவே இருபுறத் தரகரை நமக்கு எதிரி என்று கருதுவதும் பிழை, நம் வழக்கறிஞர் என்று கருதுவதும் பிழை. அவர் பேச்சை முடித்து வைப்பவர். "இன்றே டோக்கன் கொடுத்துவிடுங்கள், நாளை வேறு ஒருவர் பார்க்க வருகிறார்" என்று அவர் சொல்லும்போது, அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாம் அவசரப்படுவதில் அவருக்கு ஆதாயம் உண்டு என்பது எப்போதும் உண்மை.

வாடகையில் இக்கணக்கு இன்னும் கூர்மையானது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்து குடியிருப்பவர் மாறினால் மீண்டும் தரகு உண்டு; அவரே தொடர்ந்து இருந்தால் பெரும்பாலும் இல்லை. மாணவர்கள் அடிக்கடி இடம் மாறும் பழைய ராஜேந்திர நகர் போன்ற பகுதியில் இவ்வேறுபாடு சிறியதன்று. புதுப்பிக்கும்போது தரகு உண்டா இல்லையா என்பதை முதல் நாளே எழுத்தில் பெறுவது நன்று.

வங்கி வாடிக்கையாளர் மறவாதிருக்க வேண்டிய மற்றொரு கணக்கும் உண்டு. 75 இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் வங்கி கடன் தர இயலாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு ஆகியவை நம் கையிலிருந்து வர வேண்டியவை. தரகர் சரக்கு, சேவை வரிப் பதிவு பெற்றவராயின் தரகின்மேல் 18 விழுக்காடு வரியும் சேரும். பதிவில்லாதவர் வரியென்று எதையும் கேட்க இயலாது. ஒரு இலட்சம் தரகு 1,18,000 ஆகிறதா என்பதை முன்னரே தெரிந்துகொண்டால் பத்திரப் பதிவு நாளில் திகைக்க நேராது.

சட்டம் எங்கே நிற்கிறது

முகவர் என்பவர் யார் என்பதற்கு நம் நாட்டில் விடை பழமையானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் பத்தாம் இயலில் இதை விரிவாகப் பேசுகிறது. முகவர் தம்மை அமர்த்தியவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும். கேட்கும்போது கணக்குக் காட்ட வேண்டும். அவர் சார்பில் பெற்ற பணத்தை அவரிடம் சேர்க்க வேண்டும். தம்மை அமர்த்தியவருக்குத் தெரியாமல் அதே பேரத்தில் தாமே ஒரு தரப்பாக நுழைந்து உண்மையை மறைத்தால், அப்பேரத்தை மறுக்கவும், முகவர் அடைந்த ஆதாயத்தைக் கோரவும் 215, 216 ஆகிய பிரிவுகள் வழி தருகின்றன. மேலே கூறிய ஐந்தாமவருக்கு இப்பிரிவுகள் நேராகப் பொருந்தும். ஆனால் இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் 'இவர் என் முகவர்' என்று நிறுவ முடிந்தவருக்கே கிடைக்கும். எழுத்தில் ஒரு வரியும் இல்லாதபோது அதை நிறுவுவது எளிதன்று.

2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், மக்கள் வழக்கில் 'ரெரா', தரகருக்கு முதன்முறையாக நாடு தழுவிய விதிமுறைகளை வகுத்தது. பிராப்பர்ட்டி டீலர், புரோக்கர், இடைத்தரகர் என்று எப்பெயரில் அழைக்கப்பட்டாலும் அவர் 'முகவர்' என்ற வரையறைக்குள் வருவார். பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் வீட்டையோ மனையையோ விற்க உதவுபவர் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தம் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். பதிவு பெற வேண்டிய திட்டம் பதிவில்லாமல் இருந்தால் அதை விற்க உதவக் கூடாது. கணக்கேடுகளைப் பேண வேண்டும். வாங்குபவருக்கு உரிய ஆவணங்கள் முன்பதிவின்போதே கிடைக்க உதவ வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 விழுக்காடு வரை அபராதம் உண்டு. மகாராட்டிர ஆணையம் 2023இல் இன்னும் ஒரு படி சென்று, முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்றது.

இவ்வளவும் நல்லவையே. ஆனால் இச்சட்டம் புதிய திட்டங்களின் விற்பனையை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஐம்பதாண்டுப் பழைய வீட்டின் மறுவிற்பனை பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. வாடகை முற்றிலும் வெளியே நிற்கிறது. புசா ரோட்டின் இருபுறமும் அன்றாடம் நடக்கும் பேச்சுகளோ பெரும்பாலும் இவ்விரண்டுமே. அதாவது, கோடி ரூபாய்க்குப் புதிய அடுக்ககம் வாங்குபவருக்கு ஆணையம் உண்டு. மாதம் 15,000 ரூபாய்க்கு அறை தேடும் இருபத்திரண்டு வயது மாணவருக்கு அத்தகைய துணை இல்லை.

2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்ததை நாடு மறந்திராது. வாகனம் நிறுத்தவும் பொருள்கள் வைக்கவும் அனுமதி பெற்ற அடித்தளம் அது. அத்துயரத்தைத் தரகர்களோடு தொடர்புபடுத்துவது நியாயமாகாது. எனினும் அது ஒன்றை உணர்த்துகிறது: கட்டடம் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது என்ற கேள்வி உயிர் தொடர்பானது. அறையைக் காட்டுபவருக்கு அதைச் சொல்லும் கடமை உண்டா என்று கேட்டால், வாடகைப் பேச்சில் தெளிவான விடை இல்லை. ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாமே.

பிற நாடுகள் கற்ற பாடம்

சிங்கப்பூர் இக்கேள்வியை நேரடியாகத் தீர்த்தது. 2010ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டத்தின்கீழ் அங்கே ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. உரிமம் பெற்ற விற்பனை முகவர் ஒவ்வொருவரும் பொதுப் பதிவேட்டில் இடம்பெறுகிறார். யாரும் அவர் பெயரையோ பதிவு எண்ணையோ கொண்டு சரிபார்க்கலாம். முதன்மையான விதி இது: ஒரே பரிமாற்றத்தில் ஒரே முகவர் இரு தரப்புக்கும் சார்பாக இருக்க இயலாது. வாடகைக்கும் அவ்விதி பொருந்தும். வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் தம் கையால் வாங்கவும் அங்கே தடை உண்டு.

அமெரிக்காவில் பாடம் வேறு வழியில் வந்தது. விற்பவர் செலுத்தும் தரகிலிருந்தே வாங்குபவரின் முகவருக்கும் பங்கு செல்லும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. 2023 அக்டோபரில் மிசூரி மாநிலத்தில் நடந்த வழக்கொன்றில் நடுவர் குழு தரகர்களின் தேசியச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2024இல் அச்சங்கம் 41.8 கோடி டாலர் தர உடன்பட்டுச் சமரசம் செய்துகொண்டது. அதன்படி 2024 ஆகஸ்டு 17 முதல், சங்க உறுப்பினரான முகவர் ஒருவர் வாங்குபவருக்காகப் பணிபுரிந்து அவரை வீடு பார்க்க அழைத்துச் செல்லுமுன், ஊதியம் எவ்வளவு என்பதைக் குறிப்பிடும் எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஒப்பந்தம் என்பது நமக்கு மிகையாகத் தோன்றலாம். ஆனால் 'யாருக்காக, எவ்வளவுக்கு' என்ற இரண்டும் தெளிவான பின்னரே கதவு திறக்கிறது என்பதில் உள்ள நன்மையை மறுக்க முடியாது.

ஊரில் இல்லாத உரிமையாளர்

இதுவரை வாங்குபவரையும் குடிவருபவரையும் பற்றியே பேசினோம். உரிமையாளரின் நிலையும் எண்ணத்தக்கது. பணிக்காலத்தில் கரோல் பாகில் ஒரு தளத்தை வாங்கி, ஓய்வுக்குப் பின் கும்பகோணத்துக்கோ கோவைக்கோ திரும்பிவிட்டவர்கள் நம் வாடிக்கையாளர்களில் உண்டு. தில்லி வீடு தரகரின் பார்வையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் வந்து கையெழுத்திட இயலாது என்பதால் 'பவர் பத்திரம்' எழுதித் தரும் எண்ணம் எழுகிறது.

இங்கே பாத்திரம் மாறுகிறது. பவர் பெற்றவர் வெறும் அறிமுகம் செய்பவர் அல்லர். உரிமையாளரின் இடத்தில் நின்று கையெழுத்திடுபவர். வாடகைக்கு விடுவதும், வாடகை வாங்குவதும் மட்டுமே நோக்கமாயின், அவ்விரண்டை மட்டும் குறிப்பிடும் தனி அதிகாரப் பத்திரம் போதும். விற்கவும், அடகு வைக்கவும், முன்பணம் வாங்கவும் உரிமை தரும் பொதுப் பத்திரத்தைப் பேரத்தில் ஆதாயம் உள்ளவரிடம் தருவது, வீட்டுச் சாவியோடு வீட்டையும் தருவதற்கு ஒப்பாகும்.

வாங்குபவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தில்லியில் நெடுங்காலம் பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டே வீடுகள் கைமாறின. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், இவற்றால் உரிமை மாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும் என்று தெளிவுபடுத்தியது. அதன் பின்னும் "இங்கே எல்லாம் பவரில்தான் நடக்கிறது" என்று ஒருவர் கூறினால், அவர் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார். நம் உரிமையைச் சொல்லவில்லை.

வங்கியின் பக்கத்திலும் இதே கேள்வி

இதழ் வங்கியினுடையது என்பதால் வங்கியின் பக்கத்தை விட்டுவிடுவது முறையாகாது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கியின் பட்டியலிலுள்ள வழக்கறிஞர் ஆவணங்களை ஆய்கிறார். மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்கிறார். "வங்கியே ஒப்புக்கொண்டது, இனி அச்சமில்லை" என்று தரகர் சொல்வார், நாமும் நம்புவோம். அவர்களுடைய ஆய்வு மதிப்புள்ளது. ஆயினும் அவர்கள் ஆய்வது, கடன் திரும்பாவிட்டால் அந்த அடமானம் வங்கியைக் காக்குமா என்பதையே. நாம் தரும் விலை மிகுதியா, வாகனம் நிறுத்த இடம் தருவதாகச் சொன்னது எழுத்தில் உள்ளதா, பராமரிப்புப் பாக்கி எவ்வளவு, மாடியில் மற்றொரு தளம் எழுப்பும் உரிமை யாருக்கு என்பவை அவர்கள் ஆய்வின் மையம் அல்ல. வங்கிக்காகக் கடன் விண்ணப்பங்களைத் திரட்டித் தரும் முகவருக்கு ஊதியம் தருவதும் வங்கியே.

இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் பணியைச் செய்கிறார்கள். நமக்கென்று பேச ஒருவர் வேண்டுமானால் நாமே ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். அவருக்குத் தரும் கட்டணம், தரகில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் பேச்சு முறிந்தாலும் ஊதியம் குறையாதவர் அவர் ஒருவரே. வேண்டாம் என்று சொல்லும் துணிவு அத்தகையவருக்கே இயல்பாக வரும்.

தரகரின் நியாயம்

இவற்றையெல்லாம் கூறுவது தரகரைப் பழிப்பதற்காக அன்று. இந்தி பேசத் தெரியாமல் இரயிலிலிருந்து இறங்கும் மாணவருக்கு, உரிமையாளரிடம் பேசி, மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுச் சொல்பவர் அவரே. சமையலறையில் அசைவம் சமைக்கலாமா என்பதைத் தயக்கமின்றி விசாரிப்பவரும் அவரே. பத்து வீடுகளைக் காட்டிய பின், இரு தரப்பும் தரகரைத் தவிர்த்துத் தனியே சந்தித்துப் பேரத்தை முடித்துக்கொள்வதும் இந்நகரில் நடக்கிறது. அலைந்தவருக்கு அன்று ஒன்றும் கிடைப்பதில்லை. அடுத்த வாடிக்கையாளரிடம் அவர் முகவரியை மறைத்துப் பேசுவதற்கும், டோக்கனுக்கு அவசரப்படுத்துவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

எழுத்து ஒப்பந்தம் இருந்தால் இந்த அநீதியும் நீங்கும். "இன்னின்ன வீடுகளை இவர் காட்டினார், இவற்றுள் ஒன்றை முடித்தால் இவ்வளவு தரகு" என்ற தாள் வாடிக்கையாளரை மட்டும் காப்பதில்லை, தரகரையும் காக்கிறது. நல்ல தரகர்கள் இதை வரவேற்பார்கள் என்றே நாம் நம்புகிறோம்.

கேட்க வேண்டியவை

இரண்டாவது வீட்டைப் பார்க்கப் புறப்படுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒரு கைப்பேசிச் செய்தியாகவேனும் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது நம் பரிந்துரை.

முதலாவது: இந்த வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் யாருடைய முகவர்? உரிமையாளருடையவரா, என்னுடையவரா, இருவரையும் இணைப்பவரா? வீட்டில் உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ பங்கு உண்டா?

இரண்டாவது: உங்களுக்கு யார், எவ்வளவு, எப்போது தருவார்கள்? பேச்சு முறிந்தால் என்ன? புதுப்பிக்கும்போது மீண்டும் தர வேண்டுமா? வரி உண்டா? ரசீது உண்டா? சொத்தை விற்பவர் ரசீதோடு செலுத்தும் தரகை மூலதன ஆதாயக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியும் என்பதால், அந்தத் தாள் அவருக்கும் பணமே.

மூன்றாவது: முன்பணம் யார் கைக்குச் செல்கிறது? உரிமையாளர் பணம் பெற அதிகாரம் தராத ஒருவரிடம் நாம் பணத்தைக் கொடுத்துவிட்டு, உரிமையாளர் "எனக்கு வரவில்லை" என்றால், அந்த இழப்பு நம்முடையதாகிவிடக் கூடும். ஆகவே ஆவணத்தில் பெயருள்ள உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே நேரே செலுத்த வேண்டும். சொத்து விற்பனை தொடர்பாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறிப் பெற்றவருக்கு அத்தொகைக்கு நிகரான அபராதம் காத்திருக்கிறது. பதிவு பெற்ற புதிய திட்டமாயின், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றோடு, வாய்மொழியாகத் தரப்பட்ட ஒவ்வொரு உறுதியையும் ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டும். "உரிமையாளர் வெள்ளையடித்துத் தருவார், பால்கனியை அடைத்துக்கொள்ள விடுவார்" என்று தரகர் கூறியது, அவ்வாறு வாக்களிக்க அவருக்கு உரிமையாளர் அதிகாரம் தந்திருந்தால்தான் உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்.

வாடிக்கையாளர் விழிப்பு மட்டும் போதாது. வாடகையையும் மறுவிற்பனையையும் கையாளும் தரகர்களும் பதிவு பெற வேண்டும். எந்தத் தரப்பின் முகவர் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் அறிவிப்பது அவர்கள் கடமையாக வேண்டும். இருபுறமும் தரகு வாங்குவதை உடனே தடை செய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. சிறு தரகர்களின் பிழைப்பு அதில் உள்ளது. ஆனால் இருபுறமும் வாங்குவதை இருபுறத்துக்கும் சொல்லியாக வேண்டும். அதற்குப் புதிய சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் தம் பிள்ளையைப் புசா ரோட்டுக்கு அனுப்புமுன், கட்டணத் தொகையோடும் சான்றிதழ்களோடும் இம்மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.